செல்லாக்காசு சொன்ன கதை!

எல்லாம் என் மச்சினன் அனுப்பின ஒரு வீடியோவில்தான் ஆரம்பித்தது.

மச்சினன்களால் நல்லதாக எதுவும் ஆரம்பித்ததாகச் சரித்திரம் இல்லை. அது தெரிந்தும், மத்தியானச் சாப்பாட்டு டயத்தில் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து அதை முழுசாகப் பார்த்தேன். கோட்டு சூட்டு போட்ட ஆசாமி ஒருவர் கையில் பழைய வெள்ளி ரூபாய் ஒன்றை வைத்துக்கொண்டு, "இந்த 1862-ம் வருஷத்து விக்டோரியா ராணி ரூபாய் உங்க வீட்ல இருக்கா? இருந்தா நீங்கதான் லட்சாதிபதி!" என்றார். கீழே ஒரு போன் நம்பர் ஓடியது.

அடுத்த நிமிஷமே மச்சினனின் போன். "அத்தான், மாமா ஒரு பிஸ்கட் டப்பாவுல பழைய காசா சேர்த்து வெச்சிருந்தாரே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. போன வருஷம் அப்பா தவறினப்போ, அந்த டப்பாவை அப்படியே பரண் மேல் ஏற்றியது ஞாபகம் இருந்தது. பெண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட இன்னும் மூணு வாரம்தான் இருக்கிறது என்பதும், கூடவே, ரொம்ப நன்றாக ஞாபகம் இருந்தது.

அன்று சாயங்காலமே டப்பாவை இறக்கினேன். உள்ளே ஒரு சின்ன மியூசியமே இருந்தது. நடுவில் ஓட்டை போட்ட காலணா, அலையலையாக விளிம்பு வைத்த பத்து பைசா, சதுரமான ஒரு பைசா, தாமரைப்பூ போட்ட மஞ்சள் நிற இருபது பைசா... எல்லாவற்றுக்கும் அடியில், பழைய வேட்டிக் கிழிசலில் முடிச்சுப் போட்டு, கன்னங்கரேல் என்று ஒரு வெள்ளிக் காசு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராணி. மறுபக்கம் 'ஒன் ருபீ, இந்தியா, 1862'!

கை நடுங்கியது ஸார். "என்னங்க இது, அடுப்புக்கரி மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. லட்ச ரூபாய்ச் சமாசாரம், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா? புளியைக் கரைத்தேன். விபூதி போட்டேன். பழைய டூத் பிரஷ்ஷால் அரைமணி நேரம் தேய்த்தேன். ராணி பளபளவென்று, புதுசாகக் கல்யாணம் ஆனவள் மாதிரி சிரித்தாள்.

அந்த அரைமணி நேரத்தில் நான் என்ன காரியம் பண்ணினேன் என்பது அப்போது தெரியவில்லை.

முதலில் போனது ரெண்டாயிரம்!

வீடியோ நம்பருக்கு போட்டோ அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் பதில். "வாழ்த்துக்கள் ஸார்! உங்க காயின் மூணு லட்சத்துக்குத் தேர்வாகியிருக்கு. ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் 2,150 ரூபாய் மட்டும் அனுப்புங்க." அனுப்பினேன். (சிரிக்காதீங்க. நீங்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும்!) மறுநாள் காலை ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஜி.எஸ்.டி.க்காக 18,600 ரூபாய் கட்டினால் மூணு லட்சம் உடனே கணக்கில் ஏறிவிடுமாம்.

எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டெண்டென்டுக்கு ரிடையர் ஆக இன்னும் எட்டு மாசம். அவரிடம் பி.எஃப். அட்வான்ஸ் பாரத்தை நீட்டினபோது, "எதுக்குய்யா இது?" என்றார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மூணு லட்சம் தர்றவன் உங்கிட்ட எதுக்குய்யா பதினெட்டாயிரம் கேக்கறான்? அதைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பச் சொல்லேன்!"

அட, ஆமாம்! இருபத்திரண்டு வருஷமாகக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பில்லில் கழித்துக் கழித்தே பென்சில் தேய்ந்தவன், எனக்கு இது தோன்றவில்லையே! உடனே போன் போட்டு அப்படியே சொன்னேன். லைன் கட். அதற்குப் பிறகு அந்த நம்பருக்கு நான் யாரோ, அது யாரோ.

பிற்பாடுதான் தெரிந்தது. ரிசர்வ் வங்கி பழைய காசு, நோட்டுகளை இப்படி வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. அதற்கென்று கட்டணமோ கமிஷனோ கேட்பதும் இல்லை. தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்ட்டிலேயே அந்த வங்கி எச்சரித்திருக்கிறது. இன்னொரு விஷயம்: காசு அடிப்பது மத்திய அரசாங்கம். ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்தில் விடுகிறது, அவ்வளவுதான். இப்படிப் பணத்தை விட்டவர்கள் உடனே 1930 என்ற நம்பருக்குப் புகார் சொல்ல வேண்டும். நானும் சொன்னேன், ரெண்டு நாள் வெட்கப்பட்ட பிறகு. அந்த ரெண்டு நாளில் ரெண்டாயிரம் எங்கேயோ போய்விட்டது.

"காசு நிஜமாவே பழசு. அதையாவது தெரிஞ்சவங்ககிட்ட காட்டு" என்றார் சூப்பிரண்டெண்ட். ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி. போனேன்.

"கழுவினீங்களா?"

மண்டபம் முழுக்க மேஜைகள். மேஜை முழுக்கக் காசுகள். ஒரு மூலையில் எழுபது வயசுப் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். விற்பவர் இல்லை, சேர்ப்பவர். காசை நீட்டினேன். அவர் அதை வாங்கின விதமே வேறு. ராணியின் முகத்தில் விரல் படாமல், விளிம்பை மட்டும் ரெண்டு விரலால் பிடித்தார். விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு, எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் மாதிரி ஒரு பெருமூச்சு.

"கழுவினீங்களா?"

"ஆமாம் ஸார். ரொம்பக் கறுப்பா இருந்துது..."

"அந்தக் கறுப்புக்கு நூத்தம்பது வருஷம் ஆகியிருக்கும். நீங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்க?"

"அரைமணி."

"ம்..." என்றார். நாற்காலியைக் காட்டினார். அன்றைக்கு எனக்கு முதல் பாடம்.

வெள்ளியில் காலப்போக்கில் படிகிற கறுப்பையும், செம்பில் படிகிற பச்சை, பழுப்பையும் 'பட்டினா' என்கிறார்கள். நமக்கு அது அழுக்கு. சேகரிப்பவருக்கு அது காசின் தோல். புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிடுகிறது. விபூதி கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது. புதுக்காசைச் சாய்த்தால் ஒளி சக்கரம் மாதிரி சுழலும். கழுவின காசு எந்தப் பக்கம் சாய்த்தாலும் எவர்சில்வர் டம்ளர் மாதிரி ஒரே பளபளப்பு. 'கிளீன்டு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், பாதி விலை அங்கேயே காலி. மட்டமான பிளாஸ்டிக் உறைகூட ஆகாது. பி.வி.சி. உறையில் வருஷக்கணக்கில் கிடந்தால் காசின் மேல் பச்சையாக ஒரு பிசுக்குப் படியும்.

"வேட்டித் துணியில் முடிஞ்சு வெச்சாரே உங்கப்பா, அவர் புத்திசாலி" என்றார் பெரியவர். பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தலை, பூ, விளிம்பு!

"காசைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதோட உறுப்புகளைத் தெரிஞ்சுக்கணும்" என்றார். சொன்னார்.

ராஜா தலையோ, அரசாங்கச் சின்னமோ இருக்கிற பக்கம் 'ஆப்வர்ஸ்'. மதிப்பு போட்டிருக்கிற பக்கம் 'ரிவர்ஸ்'. தெருவில் கிரிக்கெட் ஆடினப்போ நாம் கேட்ட 'பூவா தலையா'தான் இது. வெள்ளைக்காரன் ரூபாயில் ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பூவும் கொடியும். 1950-ல் ராஜா தலை போய் அசோகச் சிங்கங்களின் தலை வந்தது. ஆக, தலைக்கு மோசமில்லை!

காசாவதற்கு முன்னால் இருக்கிற வெறும் உலோக வில்லைக்குப் பெயர் 'பிளாங்க்'. மேலும் கீழும் ரெண்டு அச்சுகள், அதுதான் 'டை'. நடுவில் வில்லையை வைத்து ஓங்கி ஓர் அடி. காசு பிறந்துவிடும். அச்சு சரியாக உட்காராமல் திரும்பியிருந்தால், காசும் திரும்பிப் பிறக்கும். உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுங்கள். சிங்கம் நேராக நிற்கும்படி பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுகிற மாதிரி திருப்புங்கள். பின்பக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அது 'டை ரொடேஷன்'. தப்பான காசு. தப்பான காசுக்குச் சில சமயம் நல்ல காசைவிட விலை அதிகம். (ஆபீஸில் தப்புப் பண்ணினால் மெமோ, மின்ட்டில் தப்புப் பண்ணினால் பிரீமியம்!)

விளிம்பில் இருக்கிற வரிகள் அழகுக்காக வந்தவை இல்லை. வெள்ளியும் தங்கமும் காசாக ஓடின காலத்தில், சில பேர்வழிகள் ஒவ்வொரு காசின் ஓரத்தையும் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு, காசைக் காசாகவே செலவழித்துவிடுவார்கள். சுரண்டல் பேர்வழி என்றால் நிஜமாகவே சுரண்டல் பேர்வழி! விளிம்பில் வரி போட்டுவிட்டால் சுரண்டினது தெரிந்துவிடும். லண்டன் மின்ட்டில் இந்தச் சுரண்டல்காரர்களையும் கள்ளக்காசுக்காரர்களையும் துரத்திப் பிடித்த அதிகாரி யார் தெரியுமா? 1696-ல் வார்டனாக வந்து சேர்ந்த ஐசக் நியூட்டன். ஆப்பிள் நியூட்டனேதான்.

அடுத்தது 'மின்ட் மார்க்', எந்த ஊரில் அடித்த காசு என்று சொல்லும் அடையாளம். அதே ஒரு ரூபாயில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். வைரம் மாதிரிச் சின்னம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். ஒரு புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கல்கத்தா. நம் ஊர்க் காசுகள் சில ஃபாரின் போய்ப் பிறந்தும் வந்திருக்கின்றன. 1985-ம் வருஷத்து ஒரு ரூபாயில் 'எச்' என்ற எழுத்து இருந்தால் அது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அடித்தது. 1998-ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும், 1999-ல் மாஸ்கோவிலும் நமக்காக அடித்தார்கள். இத்தனை வருஷம் டீக்கடையில் ரஷ்யாக் காசைக் கொடுத்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்!

பிறகு தரம். கையே படாத காசு 'அன்சர்க்குலேட்டட்', சுருக்கமாக யு.என்.சி. அதிலிருந்து தேய்மானத்துக்குத் தகுந்த மாதிரி எக்ஸ்ட்ரா ஃபைன், வெரி ஃபைன், ஃபைன் என்று இறங்கிக்கொண்டே போகும். உயரமான இடம்தான் முதலில் தேயும்: ராணியின் கன்னம், காதுக்கு மேல் முடி. 'புரூஃப்' என்பதையும் ஒரு தரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அது செய்முறை. பாலிஷ் போட்ட அச்சில், பாலிஷ் போட்ட வில்லையை ஒரு தடவைக்கு மேல் அடித்து எடுப்பது. கண்ணாடி மாதிரி இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கத்திரிக்காய் வாங்கக்கூடாது.

பழசெல்லாம் பொன்னல்ல!

"பழசுன்னா விலை ஜாஸ்திதானே ஸார்?" என்று கேட்டேன். பெரியவர் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு செப்புக்காசை எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் நிற்கிற உருவம். மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் மூணு வரி எழுத்து.

"ராஜராஜ சோழன் காசு. எழுத்து தமிழ் இல்லை, நாகரி. 'ஸ்ரீ ராஜராஜ'ன்னு இருக்கு. ஆயிரம் வருஷம்! சாதாரணமானது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஏன்? அவ்வளவு அடிச்சிருக்காங்க, அவ்வளவு கிடைச்சுக்கிட்டே இருக்கு. அதே சமயம் ஆறாம் ஜார்ஜோட 1939-ம் வருஷத்து வெள்ளி ரூபாய் நேத்துப் பிறந்த குழந்தை. ஆனா கிடைக்கிறது அபூர்வம். அதனால விலை எங்கேயோ இருக்கு. வயசுக்கு விலை கிடையாது. எத்தனை மிச்சம் இருக்கு, எத்தனை பேர் தேடறாங்க, எந்த நிலையில இருக்கு... இந்த மூணுதான் விலை."

அப்படிப் பார்த்தால் வீடியோக்களில் வருகிற வைஷ்ணவ தேவி அஞ்சு ரூபாய்க்கு ஏது லட்சம்? அது 2012-ல் சாதாரணப் புழக்கத்துக்கே விட்ட நினைவுக் காசு.

ஒரு யானையால் பெயர் கெட்ட காசும் உண்டு. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் வந்தது. ராஜாவின் அங்கியில் சின்னதாக ஒரு யானை. செதுக்கினவர் தும்பிக்கையைக் கொஞ்சம் குட்டையாக்கிவிட்டார். பார்த்தவர்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. ஒரே கலாட்டா! 1912-ல் தும்பிக்கையைச் சரிபண்ணி, யானையை மறுபடி யானையாக்கினார்கள். 1911 ரூபாய்க்கு 'பன்றி ரூபாய்' என்ற பெயர் நின்றுவிட்டது.

"ஸார், என் 1862?" என்று மெல்ல இழுத்தேன்.

"1862-ன்னு போட்டிருந்தா 1862-ல அடிச்சதுன்னு அர்த்தமில்லை" என்று ஒரு போடு போட்டார். அந்த வருஷத்தை மாற்றாமலே 1874 வரை ரூபாய் அடித்துக்கொண்டிருந்தார்களாம். பின்பக்கத்தில் இருக்கிற சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் வகை பிரிக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் அடித்த காசு எப்படி அபூர்வமாக இருக்கும்? எங்கள் வீட்டு ரூபாய் அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஓடின ரூபாய்தான்.

துட்டு, காசு, வராகன்...

என் முகம் போன போக்கைப் பார்த்து, பெரியவர் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினார். "நாம தினம் பேசற பேச்சுலேயே எத்தனை காசு கிடக்கு தெரியுமா?"

'துட்டு' இருக்கிறதே, அது பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கடை போட்ட டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற செப்புக்காசு. நம் 'காசு' போர்ச்சுகீசியர் வாயில் புகுந்து, இங்கிலீஷில் 'கேஷ்' ஆகி, தென்னிந்தியச் சில்லறைக்குப் பெயராயிற்று. (பாங்க்கில் இருக்கிற கேஷ் கவுன்ட்டர் வேறு வம்சம், அது பெட்டி என்று அர்த்தமுள்ள பிரெஞ்சு வார்த்தையின் வழி வந்தது. ஒரே பெயரில் ரெண்டு பேர், எங்கள் ஆபீஸ் மாதிரி!) 'வராகன்' என்பது விஜயநகரத்துத் தங்கக்காசு, வராக அவதாரத்தின் பெயரால் வந்தது. வெள்ளைக்காரன் அதை 'பகோடா' என்றான். சாப்பிடுகிற பகோடா இல்லை. கம்பெனிக்காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அதாவது வராகன் ஒன்றுக்கு 3,360 காசு. அன்றைய கணக்குப்பிள்ளைகளின் காலில் விழுந்து கும்பிடத் தோன்றுகிறது!

ரூபாய்க்குப் பெயர் வைத்த புண்ணியம் ஷேர்ஷா சூருக்கு. 1540-களில் அவர் போட்ட வெள்ளிக்காசுதான் 'ரூபியா'. 1835-ல் கம்பெனி நாடு முழுக்க ஒரே ரூபாய் என்று கொண்டுவந்தது: எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி. அப்பளத்துக்கும் கஷாயத்துக்கும் பாட்டிமார்கள் 'ஒரு ரூபாய் எடை' என்று அளவு சொன்னார்களே, அது இதுதான். ரெண்டாவது உலகப்போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-ல் ரூபாயில் வெள்ளியே போய் நிக்கல் வந்தது. 1943-லிருந்து காலணாவின் நடுவில் ஓட்டை விழுந்ததும் செம்பை மிச்சம் பிடிக்கத்தான்.

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று ஓடிக்கொண்டிருந்த வண்டி, 1957 ஏப்ரல் 1-ம் தேதி நூறு நயா பைசாவுக்கு மாறியது. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா. அந்தக் கால் பைசாவை யார் விழுங்குவது என்று கடைக்குக் கடை தகராறு. 1964-ல் 'நயா' உதிர்ந்தது. நாலணா சரியாக 25 காசில் உட்கார்ந்ததால் பேச்சில் தப்பித்தது. அந்த 25 காசும் 2011 ஜூன் 30-ல் விடைபெற்றது. 50 காசு இன்னும் சட்டப்படி செல்லும். உங்கள் தெரு மளிகைக்கடைக்காரரிடம் சட்டம் பேசிப் பாருங்கள்.

இதையெல்லாம்விட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது ஒரு பழைய வார்த்தை. வண்ணக்கன். காசு நல்லதா, கள்ளதா என்று சோதித்துச் சொல்கிறவர். சங்கப் புலவர்களிலேயே 'வடம வண்ணக்கன் பேரிசாத்தனார்' என்று ஒருவர் இருக்கிறார். "காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்'னு ஒரே வார்த்தை வெச்சிருக்கோம் தம்பி. ரெண்டையும் சோதிச்சுப் பார்த்துத்தான் வாங்கணும்" என்றார் பெரியவர். எனக்கு அந்த 2,150 ரூபாய் ஞாபகம் வந்தது.

கண் எடுத்த காசு

கிளம்பும்போது கேட்டேன். "அப்ப இதுக்கு என்னதான் ஸார் கிடைக்கும்?"

"கழுவினதுக்கு ஒரு அடி. இன்னொரு குறையும் இருக்கு" என்று பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். "ராணி தலைக்கு நேர் மேலே விளிம்பைப் பாருங்க. அந்த இடத்துல மட்டும் வரி இல்லை, மழுங்கியிருக்கு. பத்த வெச்ச தடம். இதுல ஒரு கண் வெச்சு, கயித்துல கோத்திருக்காங்க. 'மவுன்ட் மார்க்'னு சொல்வோம். வியாபாரிங்க வெள்ளி எடைக்குத்தான் எடுப்பாங்க."

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. அவர் காசைத் திருப்பினார்.

"இதையும் பாருங்க. கையில புழங்கின காசு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேயும். இதுல ராணி முகம் நல்லாத்தான் இருக்கு. பின்பக்கம் மட்டும் வழவழன்னு போயிருக்கு. ஏன்? அந்தப் பக்கம் மார்புல உரசிக்கிட்டே இருந்திருக்கு. ஒரு அம்மா இதை ரொம்ப வருஷம் கழுத்துல போட்டிருக்காங்க. அப்புறம் யாரோ கண்ணை எடுத்திருக்காங்க. சாதாரணமா விக்கிறதுக்குத்தான் எடுப்பாங்க. ஆனா விக்கலை பாருங்க. ஏன்னு உங்க வீட்லதான் கேக்கணும்."

பிறகு, கொஞ்சம் தயங்கிச் சொன்னார். "இந்த மாதிரிக் காசுல எழுத்து இடுக்குல எல்லாம் மஞ்சளும் எண்ணெயும் படிஞ்சு கிடக்கும். நீங்க தேய்ச்சுட்டீங்க."

வீட்டுக்கு வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காசைக் காட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ரொம்ப நேரம் பேசவில்லை.

"இது ஏண்டா இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் முதலில். பிறகுதான் சொன்னாள்.

"உங்க பாட்டியோடது. தங்கத்துல காசுமாலை பண்ண வசதி ஏது? வெள்ளி ரூபாய் கோத்த மாலை. நான் கல்யாணமாகி வந்தப்போ அது இல்லை, உங்கப்பாதான் சொல்லியிருக்காரு. அவரு 1965-ல பி.யு.சி. சேர்ந்தாரு. டேர்முக்கு டேர்ம் ஃபீஸ் கட்ட, பாட்டி ரெண்டு ரெண்டு காசா ஆசாரிகிட்ட கொண்டுபோய்க் கண்ணை எடுத்து, வெள்ளி எடைக்குப் போட்டுட்டாங்க. கடைசியா இது ஒண்ணுதான் மிச்சம். இதுக்கும் கண்ணை எடுத்தாச்சு. அன்னிக்குப் பார்த்து உங்கப்பாவுக்கு ஸ்காலர்ஷிப் வந்துட்டதுன்னு தபால் வந்துச்சாம். 'இது உனக்கே இருக்கட்டும்'னு பாட்டி அவரு கையில கொடுத்துட்டாங்க."

கடையில் 'மவுன்ட் மார்க்', குறை, விலையைப் பாதியாக்குகிற தழும்பு. அந்தத் தழும்பை வைத்துத்தான் அப்பா படித்தார். அவர் படித்ததில் நான் படித்தேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் மூணு லட்சம் என்று அலைந்திருக்கிறேன். அதைவிட, பாட்டி கழுத்து மஞ்சளைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். எந்த ஆசாரியாலும் அதை இனிமேல் பற்றவைக்க முடியாது.

ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு, பெண்ணின் ஸ்டாம்ப் ஆல்பத்து பூதக்கண்ணாடியை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். விக்டோரியா குவீன். குவீனில் முதல் எழுத்து வட்டமாக இருக்கிறதல்லவா? அந்த வட்டத்துக்குள், டூத் பிரஷ் நுழையாத இடத்தில், பழுப்பு மஞ்சளாக ஒரு கடுகளவு மிச்சம் இருந்தது.

மறுபடி அதே வேட்டித் துணியில் முடிந்துவைத்தேன்.

காலேஜ் ஃபீஸ்? ஆபீஸ் சொஸைட்டியில் கடன் போட்டாயிற்று. முப்பத்தாறு தவணை. பெண்ணிடம் காசைக் காட்டி, கதையையும் சொன்னேன். விளிம்பை மட்டும் ரெண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை ஸார்!

நேற்று மச்சினன் போன் பண்ணினான். "என்ன அத்தான், காசு எவ்வளவுக்குப் போச்சு?"

"காசு போகலைடா. ரெண்டாயிரத்து நூத்தம்பதுதான் போச்சு."

"விடுங்க அத்தான். 786-ன்னு நம்பர் முடியற பத்து ரூபாய் நோட்டு இருக்கா பாருங்க. ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன்..."

சத்தியமாக அதை முழுசாகப் பார்க்கவில்லை ஸார். பாதிதான் பார்த்தேன்.